பெத்தல் வயலுக்கு ஒரு நாள்: உட்ஸ்டாக் அருங்காட்சியகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போவது எப்படி

போனில் வழி தேடும்போது 'உட்ஸ்டாக்' என்று போட்டுவிடாதீர்கள். அது உங்களை நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில் இருக்கும் உட்ஸ்டாக் என்ற சிற்றூரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அழகான ஊர்தான். ஆனால் 1969 ஆகஸ்ட்டில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய அந்த இசை விழா அங்கே நடக்கவில்லை. விழாவை நடத்தியவர்கள் தங்கள் நிறுவனத்துக்கு 'உட்ஸ்டாக் வென்ச்சர்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இடம் மாறியபோதும் பெயர் மாறவில்லை. விழா நடந்தது அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, சல்லிவன் கவுண்டியின் பெத்தல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் வயலில். அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் போட வேண்டிய முகவரி: 200, ஹர்ட் ரோடு, பெத்தல்.

நியூ ஜெர்சிக்கு வந்து, இங்கே உரிமம் எடுத்து, பேட்டையைச் சுற்றி நாலைந்து மாதம் ஓட்டிவிட்டு, 'முதல் முழுநாள் பயணம் எங்கே போகலாம்?' என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நாலு முறை போய் வந்துவிட்டேன். வேய்ன் பக்கமிருந்து கிளம்பினால் போகவர 180 முதல் 200 மைல். எடிசனிலிருந்து கிளம்பினால் இன்னும் 50 மைலாவது கூடும். முதல் தடவைக்கு இதுவே போதும். போகிற வழியில் ஆறும் மலையும் வருகின்றன. போய்ச் சேரும் இடத்தில் பார்க்க விஷயம் இருக்கிறது. பைக் பயணங்கள் பலவும் ஓர் உணவகத்தில் முடிந்துவிடும். இது அப்படி அல்ல.

உரிமம், வண்டி, பழக்கம்

ஊரில் பத்து வருஷம் ஓட்டியிருந்தாலும் இங்கே அடிப்படைப் பயிற்சி வகுப்பை முடித்துவிடுங்கள். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், வண்டியும் அவர்களே தருவார்கள். நியூ ஜெர்சியில் 18 வயதைக் கடந்தவர்கள் அதில் தேறினால் சாலைத் தேர்வு தனியாகத் தேவைப்படாது. தற்காலிக பெர்மிட்டை வைத்துக்கொண்டு இந்தப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டாம். கார் உரிமத்தில் மோட்டார் சைக்கிள் அனுமதி ஏறியிருக்க வேண்டும், வண்டிக்குக் காப்பீடும் இருக்க வேண்டும். நியூ ஜெர்சி, நியூயார்க் இரண்டிலும் ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பென்சில்வேனியாவில் சிலருக்கு விலக்கு உண்டு. அதற்காகப் பாலம் தாண்டியதும் கழற்றிவிடாதீர்கள்.

வண்டி பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை. என்னுடையது ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350. சென்னையை ஒட்டிய ஆலையில் உருவாகி, கடல் தாண்டி இங்கே வந்து, டெலவேர் ஆற்றங்கரையில் ஓடுகிறது. அதை நினைத்தால் ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது. ஏறக்குறைய 20 குதிரைத்திறன்தான். 55 மைல் வேகத்தில் நாள் முழுக்கச் சளைக்காமல் ஓடும். 70 மைல் வேகத்தில் ஓடும் இன்டர்ஸ்டேட் பெருஞ்சாலையில் மூச்சு வாங்கும். அதனால்தான் கீழே சொல்லப்போகும் வழியில் இன்டர்ஸ்டேட்டைக் கூடிய மட்டும் ஒதுக்கியிருக்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இரண்டை மாற்றிக்கொண்டே தீர வேண்டும். முதலாவது, நெரிசலில் கார்களுக்கு நடுவே புகுந்து போவது. நியூயார்க்கில் அது சட்டப்படி கூடாது. அதைவிட முக்கியம், இங்கே காரோட்டிகள் அதை எதிர்பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது. போக்குவரத்து இருக்கும்போது மற்ற வண்டிகளைப் பார்த்துச் சரியாக வலது பக்கம் போய்விடுவோம். வெறிச்சோடிய சாலையில்தான் ஆபத்து. என் முதல் பயணத்தில் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்தேன். சாலையில் ஒரு வண்டி கூட இல்லை. என்னையறியாமல் இடது பக்கம் ஏறி ஒரு பர்லாங்கு போய்விட்டேன். எதிரே ஒரு பிக்கப் டிரக் வந்து விளக்கைப் போட்டு அணைத்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, எங்கே நின்று கிளம்பினாலும் 'மஞ்சள் கோடு என் இடக்கைப் பக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். நீங்களும் சொல்லுங்கள். யாருக்கும் கேட்காது.

எப்போது போவது

மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. பனிக்காலத்துக்குப் பிறகு சாலையோரமெல்லாம் உப்பும் பொடிக்கல்லும் கிடக்கும். இரண்டு நல்ல மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போகும் வரை வளைவுகள் வழுக்கும். அதனால் ஏப்ரலைத் தவிர்த்துவிடுங்கள். இலை நிறம் மாறும் அக்டோபர் முதல் இரண்டு வாரங்கள் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் பகல் குறைவு, காலையில் கை விறைக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது ஜூன் அல்லது செப்டம்பர்.

அருங்காட்சியகம் குளிர்கால மாதங்களில் மூடியிருக்கும். திறந்திருக்கும் மாதங்களிலும் கிழமைகள் பருவத்துக்கு ஏற்ப மாறும். அதனால் இணையத்தில் பார்த்து, டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வாங்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள்: அன்று மாலை அங்கே கச்சேரி இருக்கிறதா? அதே வளாகத்தில் 15,000 பேர் கொள்ளும் திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. பெரிய கச்சேரி நாளில் மதியத்திலிருந்தே அங்கே போகும் 17பி சாலை அடைத்துக்கொள்ளும். கச்சேரி இல்லாத நாளாகத் தேர்ந்தெடுங்கள். வயல் அமைதியாக இருந்தால்தான் அது என்ன இடம் என்று புரியும்.

கையில் என்ன கொண்டுபோவது

ஆகஸ்ட்டில்கூட காலை ஏழு மணிக்கு மலைமேல் குளிரும். உள்ளே ஒரு மெல்லிய ஸ்வெட்டர், மேலே பைக் ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ். மழைக்கோட்டு கட்டாயம். இந்த மலையடிவாரத்தில் கோடை மதியங்களில் இடிமழை சொல்லாமல் வரும். 1969-இல் நாலு லட்சம் பேரைச் சேற்றில் நிறுத்தியதும் அதே மழைதான்.

ஹெல்மெட்டை வண்டியோடு சேர்த்துப் பூட்ட ஒரு கம்பிப்பூட்டு. புல்தரையில் நிறுத்த நேர்ந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான மரத்துண்டு. இல்லாவிட்டால் ஸ்டாண்டு மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்துவிடும். வழித்தடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. நான் ஊர்ப் பெயர்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி டேங்க் பையில் செருகிக்கொள்வேன்.

சாப்பாட்டுக்கு வழியில் டைனர்கள் உண்டு. ஆனால் சைவக்காரர்களுக்குச் சாலடும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் எல்லா இடத்திலும் நிச்சயம். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் வேண்டாம், எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் மதியத்துக்குள் புளித்துவிடும். தண்ணீர் இரண்டு பாட்டில்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவே டயர் காற்று, பிரேக், விளக்குகள், எஞ்சின் ஆயில், செயின் தளர்வு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். காலையில் பார்த்தால் அவசரத்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். பின்னால் யாரையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம், அது மூன்றாவது நாலாவது பயணத்துக்கு. கூட்டமாகப் போவதென்றால் நாலு வண்டிக்கு மேல் வேண்டாம். முன்னால் போகிறவர் எந்த வேகத்தில் வளைவுக்குள் நுழைகிறாரோ அது அவருடைய வேகம். உங்களுடையதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏழு மணிக்குக் கிளம்புங்கள்: வேய்னிலிருந்து போர்ட் ஜெர்விஸ்

வேய்னிலிருந்து 23-ஆம் எண் சாலையில் வடக்கே. எடிசன், பிஸ்கட்டாவே பக்கத்தவர்கள் 287-இல் வந்து ரிவர்டேலில் இதே சாலையைப் பிடிக்கலாம். ஏழு மணிக்கு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சாலையின் தொடக்கப் பகுதி கடைகளும் சிக்னல்களுமாக இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் அதில் சிக்கினால் மலை ஏறுவதற்குள் களைத்துவிடுவீர்கள். பட்லர் தாண்டியதும் காடு தொடங்கும். ஹாம்பர்க், சஸ்ஸெக்ஸ் என்று சின்ன ஊர்கள் வரும், அங்கெல்லாம் வேக வரம்பு சட்டென்று குறையும். பலகையைக் கவனியுங்கள்.

சஸ்ஸெக்ஸ் தாண்டி ஏற்றம். ஹை பாயின்ட் என்ற இடம் 1,803 அடி, நியூ ஜெர்சியிலேயே உயரமானது. இங்கே பத்து நிமிஷம் நில்லுங்கள். கால் நீட்டுவதற்கு மட்டுமல்ல: இதன் பிறகு வரும் இறக்கம் உங்கள் பிரேக்கைச் சோதிக்கும். கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும்.

இறங்கினால் போர்ட் ஜெர்விஸ். நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா மூன்றும் சந்திக்கும் இடம். இங்கே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், டேங்கில் பாதி இருந்தாலும் நிரப்புங்கள். நியூ ஜெர்சியில் பங்க் ஊழியர்தான் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் நம்மில் பலருக்குக் குழாயைக் கையில் எடுத்தே பழக்கமிருக்காது. இங்கே நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பைக் டேங்க் சட்டென்று நிரம்பிவிடும். குழாயை ஆழமாகச் செருகாமல், கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாக ஊற்றுங்கள்.

97: ஆற்றோடு ஒரு சாலை

ஊருக்குள் 97 என்ற பலகையைத் தொடருங்கள். சில மைல்களில் ஹாக்ஸ் நெஸ்ட் வரும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் இடுப்புயரக் கற்சுவர், அதற்குக் கீழே வெகு ஆழத்தில் டெலவேர் ஆறு. சாலை பாம்பு போல நெளிந்து போகும். கார் விளம்பரங்களில் இந்த வளைவுகளைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, ஆற்றைப் பார்ப்பது. வண்டி கண் போகும் இடத்துக்குத்தான் போகும். சுவரைப் பார்த்தால் சுவருக்கு, வளைவின் முடிவைப் பார்த்தால் வளைவின் முடிவுக்கு. நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைப் பிடிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஆக்ஸிலரேட்டரைக் கொடுங்கள். வடக்கே போகும் நமக்குப் பாறைப் பக்கம்தான் வலது. மழைக்கு மறுநாள் சின்னச் சின்னக் கற்கள் உதிர்ந்து கிடக்கும். தடத்தின் நடுவில் ஓட்டுங்கள்.

காட்சிக்காக ஒதுங்கும் இடங்கள் ஆற்றுப் பக்கம், அதாவது எதிர்த்தடத்தைத் தாண்டி, இருக்கின்றன. வளைவு மறைக்கும் இடத்தில் குறுக்கே திரும்பாதீர்கள். எல்லா வளைவுகளையும் கடந்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியைத் திருப்பி, ஆற்றுப் பக்கத் தடத்தில் வந்து ஒதுங்கினால் நிம்மதியாக நிற்கலாம். பின்னால் வேகமாக வருபவர் அவசரப்படுத்தினால் நேரான பகுதியில் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள். இதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை.

அப்புறம் சாலை ஆற்றின் மட்டத்துக்கு இறங்கி, பாண்ட் எடி, பாரிவில் என்று ஓடும். பயணத்தின் சுகமான பகுதி இதுதான். 50, 55 மைல் வேகம், இடது பக்கம் ஆறு, தலைக்கு மேல் மரங்கள். மினிசிங்க் ஃபோர்டு என்ற இடத்தில் ஒரு பழைய தொங்குபாலம் வரும், நிற்காமல் போகாதீர்கள். அது முதலில் பாலமே அல்ல, கால்வாய்! டெலவேர்–ஹட்சன் கால்வாயில் நிலக்கரிப் படகுகள் ஆற்றை மேலாகவே கடந்து போவதற்காக, கம்பிவடத்தில் தொங்கும் தண்ணீர்த் தொட்டியாக அதைக் கட்டினார் ஜான் ரோப்ளிங். 1849-இல் திறந்தார்கள். பிற்பாடு புரூக்ளின் பாலத்தை வடிவமைத்தவரும் அவரே. அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் கம்பிவடத் தொங்குபாலங்களில் இதுதான் மிகப் பழையது. இன்று ஒற்றைத் தடத்தில் கார் போகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய் நடுவில் நின்று ஆற்றைப் பாருங்கள்.

அடுத்து நாரோஸ்பர்க். காபி இங்கே. கடைத்தெருவுக்குப் பின்னால் ஆறு அகன்று சுழித்து நிற்கும், 113 அடி ஆழம், டெலவேர் ஆற்றிலேயே ஆழமான இடம். பத்தரை மணிக்குள் இங்கிருந்து கிளம்பினால் போதும். காலிகூன் வரை 97-இல் போய், அங்கே 17பி-யில் கிழக்கே திரும்புங்கள்.

இந்த 17பி சாதாரணமான இருவழிச் சாலைதான். பண்ணைகள், தானியக் குதிர்கள், எப்போதாவது ஒரு டிராக்டர். விழாவுக்கு வந்தவர்கள் எதிர்த் திசையிலிருந்து, மான்டிசெல்லோ பக்கமிருந்து, இதே சாலையில்தான் வந்தார்கள். மைல் கணக்கில் நெரிசல் நின்றுபோய், கார்களை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். ஓட்டிக்கொண்டு போகும்போது சாலையின் அகலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். உள்ளே படங்களைப் பார்க்கும்போது அது உதவும். ஹர்ட் ரோடு பலகை வந்ததும் இடது பக்கம் திரும்புங்கள்.

அருங்காட்சியகத்துக்குள்

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உள்ளே போகும் முன் புளியோதரையைச் சாப்பிட்டுவிடுங்கள். ஓட்டி வந்த உடம்பில் கால் மணி நேரத்துக்கு அதிர்வு இருந்துகொண்டே இருக்கும், அது அடங்கட்டும்.

இந்த அருங்காட்சியகம் 2008-இல் திறந்தது. வளாகத்தை உருவாக்கியவர் ஆலன் கெர்ரி, பக்கத்து லிபர்ட்டி ஊர்க்காரர், கேபிள் டிவி தொழிலில் சம்பாதித்தவர். விழா நடந்த நிலத்தை வாங்கிக் கட்டடம் கட்டி விற்றுவிடாமல், வயலை வயலாகவே விட்டுவைத்ததற்காக அவரைப் பாராட்ட வேண்டும். 2017-இல் அந்த நிலம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது.

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். தொடக்கத்தில் இருக்கும் அறுபதுகளின் வரலாற்றை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வியட்நாம் போர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், கென்னடி கொலை எல்லாம் அங்கே வருகின்றன. நமக்கு அந்தக் காலம் பாடப்புத்தகத்தில்கூடச் சரியாக வந்ததில்லை. அது தெரியாவிட்டால், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாரில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது குண்டு விழும் சத்தம் ஏன் கேட்கிறது என்பது விளங்காது. வண்ணக் கோலம் பூசிய பேருந்து எல்லோரும் படம் எடுக்கும் இடம், அங்கே நிறையப் பேர் நிற்பார்கள். விழாக் காட்சிகள் பெரிய திரையில் ஓடும் இடத்தில் உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது விழா எப்படி நடந்தது என்ற கதை. மைக்கேல் லாங், ஆர்ட்டி கார்ன்ஃபெல்டு, ஜோயல் ரோசன்மன், ஜான் ராபர்ட்ஸ் என்ற நாலு இளைஞர்கள். முதலில் வால்கில் என்ற ஊரில் இடம் பிடித்தார்கள். விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்த ஊர் நிர்வாகம் அனுமதி மறுத்துவிட்டது. அப்போதுதான் யாஸ்கர் தன் பண்ணையில் இடம் கொடுத்தார். அவர் அவர்களில் ஒருவர் அல்ல. 49 வயது, கட்டுப்பெட்டியான விவசாயி, இதய நோயாளி. அவர் பாலை வாங்காதீர்கள் என்று ஊரில் பலகை வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு இடத்தைக் கொடுத்தே தீருவது என்ற உறுதி வந்ததாகச் சொல்வார்கள். மூன்று நாளுக்கு முன்பதிவு டிக்கெட் 18 டாலர். வேலி கட்டி முடிப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டது, வேறு வழியில்லாமல் இலவசம் என்று அறிவித்தார்கள். சாப்பாடு தீர்ந்தபோது ஹாக் ஃபார்ம் என்ற குழுவினர் சமைத்துப் போட்டார்கள். சுற்று வட்டாரத்து மக்கள் ரொட்டியும் முட்டையும் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் யாஸ்கர் மேடையேறி அந்த இளைஞர்களைப் பாராட்டிப் பேசினார். 1973-இல் இறந்துபோனார்.

ஒரு தமிழ்க் குரலும் அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ரிச்சி ஹேவன்ஸ் பாடித் தொடங்கி வைத்த பிறகு, காவி உடுத்த, வெண்தாடி விழுந்த ஒருவர் மேடையில் அமர்ந்து கூட்டத்தோடு பேசினார். சாலைகள் அடைபட்டிருந்ததால் ஹெலிகாப்டரில் வந்திறங்கியவர். அவர் சுவாமி சச்சிதானந்தா. 1914-இல் கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்த ராமசாமி. குருவோ திருநெல்வேலிப் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர். பீட்டர் மேக்ஸ் என்ற ஓவியரின் அழைப்பில் 1966-இல் நியூயார்க் வந்தவர், இங்கேயே யோகம் கற்பித்துக்கொண்டிருந்தார். ஒலியின் ஆற்றலைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் பேசி, அவர்களோடு சேர்ந்து ஓதினார். அவருக்குப் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று பிரசித்தம்: முன்னே அவருடைய முதுகு, அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். முதல் முறை போனபோது இது எனக்குத் தெரியாது. திரையில் அவர் ஆங்கிலம் பேசியதைக் கேட்டதும் அந்த உச்சரிப்பு சட்டென்று பிடிபட்டது. எங்கள் பெரியப்பா பேசுவது போல இருந்தது. நான் கொங்கு நாட்டுக்காரன்.

அதே இரவு மழையில் ரவி சங்கர் சிதார் வாசித்தார், தபலா அல்லா ரக்கா. ரவி சங்கருக்கு அந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. போதையில் சேற்றில் கிடந்தவர்களைப் பார்க்க, நம் ஊரில் சேற்றில் அமிழ்ந்து கிடக்கும் எருமைகள் நினைவுக்கு வந்ததாகப் பிற்பாடு சொன்னார். விழாவைக் கொண்டாடும் இடத்துக்குப் போகும்போது இந்தக் கோணத்தையும் மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது. அங்கே போதையால் உயிர் போனவர்களும் உண்டு.

வயலில் ஒரு மணி நேரம்

உள்ளே பார்த்துவிட்டு நேரே வண்டிக்குப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கும். இங்கே முதன்மையான காட்சிப்பொருள் அந்த வயல்தான். கிண்ணம் போல் சரிந்து இறங்கும் புல்வெளி. கீழே, ஹர்ட் ரோடும் வெஸ்ட் ஷோர் ரோடும் சேரும் மூலையில், 1984-இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது. மேடை இருந்தது அந்தப் பக்கம், சரிவின் அடியில்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மேட்டிலிருந்து மெதுவாக இறங்குங்கள். பாதிச் சரிவில் உட்காருங்கள். கீழே யாராவது பேசிக்கொண்டிருந்தால் கேளுங்கள், எதிர்பாராத தெளிவில் கேட்கும். இயற்கையே போட்ட அரங்கம் அது. ஆனாலும் பின்வரிசை வரைக்கும் ஒலியைக் கொண்டுபோக பில் ஹேன்லி என்ற ஒலிப் பொறியாளர் கோபுரங்கள் எழுப்பி அதில் ஸ்பீக்கர்களை ஏற்றினார். அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு யாரும் அப்படி ஒலி கொடுத்ததில்லை. பிறகு மேடை இருந்த இடத்துக்குப் போய் நின்று மேலே பாருங்கள். காலியான அந்தச் சரிவு முழுக்க மனிதர்கள் என்று எண்ணிப் பார்த்தால் வயிற்றில் ஏதோ செய்யும்.

சாலைக்கு அந்தப்புறம் மரங்களுக்கிடையே பிண்டி பஜார் என்ற பாதைகள் இருக்கின்றன. விழாவின்போது கைவினைப் பொருள் விற்றவர்கள் கடைபோட்ட காடு. நேரம் இருந்தால் நடங்கள். பூட்ஸும் ஜாக்கெட்டுமாக வெயிலில் நடக்கக் கஷ்டம், ஜாக்கெட்டை வண்டியிலேயே கம்பிப்பூட்டுக்குள் கோத்துவிட்டு வாருங்கள். காட்டிலிருந்து வெளியே வந்ததும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பகுதியில் அவை லைம் நோயைப் பரப்பும்.

திரும்புவது

மூன்றரைக்கு மேல் தங்காதீர்கள். சல்லிவன் கவுண்டியில் மான்கள் ஏராளம். பொழுது சாயும் நேரத்தில்தான் சாலையைக் கடக்கும். ஒரு மான் கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று எண்ணிக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

வந்த வழியே திரும்ப வேண்டாம். களைத்த உடம்போடு ஹாக்ஸ் நெஸ்ட் வளைவுகளில் இறங்குவது புதியவர்களுக்கு நல்லதல்ல. ஹர்ட் ரோட்டிலிருந்து 17பி-யில் இடது பக்கம் திரும்பி, பத்துப் பதினோரு மைலில் மான்டிசெல்லோ. அங்கே பெட்ரோல். பிறகு 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே. இது அகலமான சாலை, கார்கள் வேகமாகப் போகும். வலது தடத்திலேயே, முன் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு வாருங்கள். சிறிய வண்டி என்றால் லாரி கடந்து போகும்போது காற்று தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டால் வண்டி ஆடாது.

மிடில்டவுன் பக்கம் வரும்போது வால்கில் என்ற ஊர்ப் பெயரைப் பலகையில் பார்ப்பீர்கள். விழா வேண்டாம் என்று சொன்ன ஊர் இதுதான். இப்போது சாலையோரம் பெரிய கடைகள் தெரியும். அங்கே ஒரு டீக்கோ காபிக்கோ நில்லுங்கள். மான்டிசெல்லோவிலிருந்து நிற்காமல் வந்திருப்பீர்கள், தோள்பட்டை இறுகியிருக்கும். கொட்டாவி வந்தால் காபியை நம்பாதீர்கள். இருபது நிமிஷம் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள்.

ஹாரிமனில் 131-ஆம் எண் வெளிவழி. நம்மவர்கள் விருந்தாளி வந்தால் கூட்டிப்போகும் உட்பரி காமன் கடைவீதி இங்கேதான் இருக்கிறது, வார இறுதி மாலைகளில் நெரிசல் நிச்சயம். நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்தால் நியூட்ரலில் போட்டுவிட்டு நில்லுங்கள். ஆனால் கண் பின்பக்கக் கண்ணாடியிலேயே இருக்கட்டும். இங்கிருந்து த்ரூவே என்ற சுங்கச்சாலையில் ஏறாமல், பழைய 17-லேயே டக்ஸீடோ, ஸ்லோட்ஸ்பர்க் வழியாக வாருங்கள். மலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே போகும் அமைதியான சாலை. சஃபெர்ன் அருகே 287-ஐப் பிடித்தால் வேய்ன் பக்கம்தான். ஆறு மணிக்குள் வீடு.

வண்டியை நிறுத்தியதும் உள்ளே ஓடிவிடாதீர்கள். செயின் வண்டி என்றால் அது சூடாக இருக்கும்போதே துடைத்து ஆயில் போட்டுவிடுங்கள், சூட்டில்தான் நன்றாக உள்ளே இறங்கும். ஹெல்மெட் கண்ணாடியில் காய்ந்திருக்கும் பூச்சிகளின் மேல் ஈரத்துணியைக் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். தேய்க்காமலே வந்துவிடும்.